அவரவர் வழக்கம்: சேந்தமங்கலத்திலிருந்து ஒரு கேள்வி

உண்மை ஒன்றுதான், ருசி ஆளுக்கு ஆள் மாறும். கத்தோலிக்க இறையியல் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது. விசுவாசத்தில் பேரம் கிடையாது. உடை, உணவு, ஊர்வழக்கம் எல்லாம் அவரவர் பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், மரக்கறி உண்டார், தத்துவ போதகர் ஆனார். பூணூல், குடுமி, சந்தனம் இவையெல்லாம் சமூக அந்தஸ்தின் அடையாளங்களே, மத அடையாளங்கள் அல்ல என்று வாதாடினார். கிறித்தவனாக வேண்டுமென்றால் பரங்கியாக மாற வேண்டியதில்லை என்ற அவருடைய கருத்தில் நியாயம் உண்டு, மறுக்க முடியாது. சக பாதிரிகள் எதிர்த்தார்கள். வழக்கு கோவா போய், ரோமுக்கும் போயிற்று. 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதி தந்தார். அதே ஆண்டில்தான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பி, இன்று நாமக்கல் மாவட்டத்திலிருக்கும் சேந்தமங்கலம் வந்தார். ராமச்சந்திர நாயக்கர் வரவேற்றார். பிறகு சேலம்.

அந்த ஆணையில் இன்னொன்றும் இருந்தது. மேல்குலத்தார் தாழ்ந்தவரைக் கோயிலுக்குள் இகழக் கூடாது என்று போப் கேட்டுக்கொண்டார். கவனியுங்கள்: பூணூலுக்கு அனுமதி, சமத்துவத்துக்கு வெறும் வேண்டுகோள். 'வழக்கம்' என்ற கதவு வழியாகச் சாதி உள்ளே வந்துவிட்டது. பூணூல் போட்டவனுக்கு அது வழக்கம். தள்ளி நிற்க வைக்கப்பட்ட பறையருக்கு? 1640-களில் தாழ்த்தப்பட்டோர் மத்தியில் வேலை செய்யப் பண்டாரசாமிகள் என்று ஒரு பிரிவு வந்தது. 1744-ல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பல சடங்குகளுக்குத் தடை போட்டார். பறையருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டையோ ஒப்புக்கொண்டார்.

2005-ல், போப்பாகத் தேர்வாவதற்குச் சற்று முன்னால், ராட்சிங்கர் 'சார்புவாதத்தின் சர்வாதிகாரம்' பற்றி எச்சரித்தார். அவரவர் விருப்பமே அளவுகோலாகிவிடுகிறது என்பது அவர் கவலை. ஆனால் சாதி விஷயத்தில் திருச்சபையே நூற்றாண்டுக் கணக்கில் சார்புவாதியாக இருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2003-ல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை அதைச் சமூகப் பாவம் என்றது. வழக்கம் என்று விடப்பட்டது பாவம் என்று பெயர் பெற, 1623-லிருந்து 393 வருஷம். இந்தத் தாமதத்துக்குக் காரணம் இறையியல் நுட்பம் அல்ல. கோடு கிழித்த கை எந்தப் பக்கம் நின்றது என்பதுதான்.