பதினைந்தாயிரம் அடி என்ற சொல்

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவியில் இதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் அருவிக்குள் நிற்பார். துண்டும் கையுமாக வெளியே நிற்கிற தம்பி, "அண்ணே, போதும் வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தொண்டை கிழியக் கத்துவார். அண்ணன் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு அங்கேயே நிற்பார். கேட்டுத்தான் ஆட்டினாரா என்பது அந்த இரைச்சலுக்கே வெளிச்சம்.

விமான வானொலியில் 'ரோஜர்' என்பதும் இப்படி ஒரு தலையாட்டல்தான். நீ சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவே. அதனால்தான் உயரம், ஓடுபாதை போன்ற விஷயங்களில் விமானி ரோஜர் போட்டு நழுவ முடியாது. எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படி எண்ணைச் சரியாகச் சொல்லியும் 349 பேர் இறந்த கதை ஒன்று நம் நாட்டில் நடந்தது.

1996 நவம்பர் 12. மாலை 6.32 மணிக்கு டெல்லியிலிருந்து சவூதியா 763 கிளம்பியது. போயிங் 747. தஹ்ரான் வழியாக ஜெத்தா போக வேண்டியது. உள்ளே 312 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், வேலைக்குப் போகிறவர்கள் அதில் நிறைய. கடையநல்லூர், வடகரைப் பக்கம் சவூதி விமானம் என்றால் அது வீட்டுச் செய்தி. மறுநாள் பேப்பரை எங்கள் பகுதியில் எத்தனை பேர் நடுங்கும் கையோடு விரித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரம், கஜகஸ்தானின் சிம்கெண்ட் நகரிலிருந்து 37 பேரோடு இல்யூஷின் 76 விமானம் டெல்லியில் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்ததால், பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் அந்தத் திசையில் ஒரே பாதைதான். ஆகவே கன்ட்ரோலர் உயரத்தால் பிரித்தார். இறங்குகிறவர் 15,000 அடியில் நிற்க வேண்டும், ஏறுகிறவர் 14,000 அடியில். இடைவெளி ஆயிரம் அடி. இதில் தவறேதும் இல்லை. உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் பகுதிச் செங்கோட்டை ரயில் பாதை நினைவுக்கு வருகிறது. 1904-இல் திறந்த மலைப் பாதை அது, ஒற்றைத் தண்டவாளம். மீட்டர்கேஜ் காலத்தில் பகவதிபுரத்துக்கு ரயில் கிளம்பும் முன் ஸ்டேஷன் ஊழியர் பிரம்பு வளையம் ஒன்றை நீட்டுவார், டிரைவர் கையை விட்டு வாங்குவார். வளையத்துப் பையில் டோக்கன். இந்த முனைக் கருவியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால், அது திரும்பிச் சேரும் வரை அந்த முனைக் கருவி இன்னொன்றைத் தராது, மின்சாரப் பூட்டு. டோக்கன் கையில் இல்லாமல் குகைக்குள் ரயில் போகாது. யார் என்ன சொன்னார், யார் என்ன கேட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வானத்தில் கையில் வாங்க ஒன்றுமில்லை. சொல் மட்டுமே டோக்கன்.

இல்யூஷின் விமானத்தில் அந்தச் சொல்லை வாங்கியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானம் ஓட்டியவர் வேறொருவர். ஆபரேட்டர் முன்னால் தனி உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் உயரம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பழகியது மீட்டர் கணக்கு, இங்கே பேச்செல்லாம் அடிக் கணக்கு. ஆங்கிலமும் தட்டுத்தடுமாறியதுதான். 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று ஆபரேட்டர் அறிவித்தார். எதிரே போயிங் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் கன்ட்ரோலர். எத்தனை மைல் என்று கேட்டார்கள், அவர் சொன்னார். இதற்கிடையே விமானம் 15,000 அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

கன்ட்ரோலரின் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவது தெரிந்தது. ஆனால் அப்போது டெல்லியில் வேலை செய்தது முதல்நிலை ரேடார். விமானம் எங்கே என்று காட்டும், எத்தனை உயரம் என்று காட்டாது. உயரம் காட்டும் ரேடார் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

கடைசி நொடிகளில் ஆபரேட்டர் உயரமானியைப் பார்த்துப் பதறி, மேலே ஏற்றச் சொன்னார். விமானி ஏற்றினார். இல்யூஷின் வால் போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது. ஏற்றாமல் இருந்திருந்தால் ஒருவேளை அடியில் நழுவிப் போயிருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். 6.40 மணி. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி வயல்களில் இரண்டும் விழுந்தன. பிழைத்தவர் எவருமில்லை. நடுவானில் விமானங்கள் மோதியதில் இதைவிட அதிகம் பேர் இறந்ததில்லை.

விசாரித்தது நீதிபதி ஆர்.சி. லகோத்தி, பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். ஒதுக்கிய உயரத்தைவிட்டுக் கஜக் விமானம் கீழே இறங்கியதே காரணம் என்றது அறிக்கை. அரைகுறை ஆங்கிலத்தால் வந்த விபத்து என்றே ஊரெல்லாம் பேசியது. நான் அத்தோடு விடமாட்டேன். எண் சரியாகத்தான் காதில் விழுந்தது. கேட்ட காதும் ஓட்டிய கையும் வேறுவேறு ஆளுடையவை, சரிபார்க்கக் கீழே கண் இல்லை. பழியை மொழி மேல் போடுவது சுலபம்.

பிறகு டெல்லியில் புது ரேடார் இயங்கியது, வரும் பாதையும் போகும் பாதையும் பிரிந்தன. நெருங்கும் விமானத்தைத் தானே உணர்ந்து எச்சரிக்கும் டிகாஸ் கருவி இல்லாமல் இந்திய வானுக்குள் பெரிய பயணிகள் விமானம் வரக்கூடாது என்றும் விதி வந்தது. கருவி வந்ததும் புதுச் சிக்கல். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்ய விமானத்திடம் கருவி "ஏறு" என்றது, சூரிச் கன்ட்ரோலர் "இறங்கு" என்றார். விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். எதிரே வந்த சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர், பெரும்பாலோர் பிள்ளைகள்.

தரையிலேயே இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்த டெனரீஃப் கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.