பெர்ல் போய் பிஎச்பி வந்த கதை

விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்க்காத நாள் எனக்கு இப்போதெல்லாம் கிடையாது. கோபோல் மொழியில் சம்பளப் பட்டியல் போட்டே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால் அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் ஓடும் புரோகிராம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். நாம் நினைப்பதுபோல் நிபுணர் குழு ஒன்று கூடி எடுத்த முடிவு அல்ல அது.

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் ஓடியது. அது எழுதப்பட்ட மொழி பெர்ல். மொழியியல் படித்த லாரி வால் 1987-இல் வெளியிட்டது. ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்ல இடம் கொடுக்கும். எழுதுகிறவருக்குச் சுகம், ஆறு மாதம் கழித்துத் திருத்த வருகிறவருக்குத் தலைவலி.

பிஎச்பி பிறந்தது வேறு விதம். தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க ராஸ்மஸ் லெர்டார்ஃப் எழுதிய சிறு கருவிகள் அவை. 1995-இல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ஒரு மொழி செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. கட்டளைகளுக்குப் பெயர் வைத்ததில்கூட ஒழுங்கு கிடையாது. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள்.

ஆனால் ஒரு வசதி இருந்தது. பெர்ல் புரோகிராம் வழக்கமான முறையில், வாசகர் ஒருவர் வரும்போதெல்லாம் புதிதாகத் தொடங்கி, பக்கத்தைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். ஒவ்வொரு காப்பிக்கும் அடுப்பைப் பற்றவைத்து அணைப்பதுபோல! பிஎச்பியோ பெரும்பாலும் வெப் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அடுப்பு அணைவதில்லை. பெர்லுக்கும் மாட்பெர்ல் என்று அப்படி ஒன்று உண்டு. அதற்குச் சர்வர் நம் கைக்குள் இருக்க வேண்டும். மாத வாடகைக்கு இடம் பிடித்துத் தளம் நடத்துகிற சாதாரண ஆளுக்கு அது எட்டாது. ஆட்டம் திரும்பியது அங்கேதான் என்பது என் கணிப்பு.

விக்கிப்பீடியாவுக்கு வேறு தொல்லையும் இருந்தது. யூஸ்மாட்விக்கி கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் வைக்காமல் தனித்தனிக் கோப்புகளாக வைத்தது. ஓராண்டில் கட்டுரைகள் 20,000-ஐ ஒட்டி வளர்ந்ததும் அதற்கு மூச்சு வாங்கியது. காசு வாங்காமல் எழுதிக் குவித்தவர்களின் உழைப்பு அத்தனையும் அதற்குள்! ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழக மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே, தானாக முன்வந்து, பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் கொண்டு புதிதாக எழுதினார். அவர் கணினித்துறைகூட இல்லை, உயிரியல் பக்கம். 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது.

மொழியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கூட்டம் கூடக் கூட மறுபடியும் தள்ளாடியது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் கிராக்கர் திரும்ப எழுதிய வடிவம் வந்தது. அவரும் பிஎச்பியை விடவில்லை. அதுதான் பின்னர் மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது. 2003-இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது.

பெர்ல்காரர்கள் 2000-இல் ஆறாம் பதிப்பை அறிவித்தார்கள். முழு வடிவம் கைக்கு வர 2015 டிசம்பர் ஆயிற்று. 2019-இல் அதற்கு ராக்கு என்று பெயரே மாறிவிட்டது. பழைய ஐந்தாம் பதிப்பு மட்டும் இன்றும் எத்தனையோ சர்வர்களின் பின்கட்டில் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.