மோரோ என்னும் வில்லன்: பிலிப்பைன்ஸ் நாட்டார் மேடையிலிருந்து சில குறிப்புகள்

தோழர்களே, மேடையில் அசுரன் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று நம் கூத்துக்களங்களில் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியோடு பிலிப்பைன்ஸுக்குப் போவோம்.

1637இல் ஸ்பானிய ஆளுநர் கொர்குவேரா, மிந்தனாவோ தீவில் சுல்தான் குதாரத்தின் படையைத் தோற்கடித்தார். அதைக் கொண்டாட யேசுசபைப் பாதிரியார் ஒருவர் எழுதிய நாடகம் மணிலாவில் அரங்கேறியது. கொமேத்யா என்ற நாட்டார் நாடகத்தின் தொடக்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிக்கிறார்கள். மக்கள் வழக்கில் அதற்கு 'மோரோ-மோரோ' என்று பெயர். ஊர்ப் புனிதரின் திருவிழாவில் உழவர்களும் மீனவர்களும் அதை ஆடுவார்கள். வசனம் முழுக்கச் செய்யுள். மறைவாக நின்று ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார். கிறித்தவருக்கு நீலம் அல்லது கறுப்பு உடை, முஸ்லிமுக்குச் சிவப்பு. இருவருக்கும் நடை வேறு, இசை வேறு. மோரோ இளவரசன் கிறித்தவ இளவரசியைக் காதலித்தால் ஞானஸ்நானம் பெற்ற பிறகே கல்யாணம். இல்லாவிட்டால் சாவு. மூன்றாவது வழி கிடையாது.

ஆடியவர்கள் ஸ்பெயினுக்கு வரி கட்டியவர்கள், கட்டாய உழைப்புக்கு இழுக்கப்பட்டவர்கள். ஆனால் மேடை அவர்களுக்குக் காட்டிய எதிரி பக்கத்துத் தீவுக்காரன். கடலோர ஊர்களில் மோரோக்கள் ஆள்பிடிக்க வந்தது உண்மைதான். அந்த அச்சத்தைத் திருவிழாதோறும் புதுப்பித்து வைத்தவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

அமெரிக்கர்கள் வந்தார்கள். 1901இன் தேசத்துரோகச் சட்டம் விடுதலை கோருவதையே குற்றமாக்கியது. (நாடகத்துக்கு அஞ்சி 1876இல் ஆங்கிலேயர் இங்கே சட்டம் போட்டதை நாம் மறக்கவில்லை.) அந்த ஆண்டுகளில் சில நாடகங்களில் சிவப்பும் நீலமும் வெள்ளையும் அணிந்த நடிகர்கள் ஒரு கணம் ஒன்றாகச் சேர்ந்து நிற்பார்கள். பிலிப்பைன்ஸ் கொடி தெரியும். காவலர் எழுவதற்குள் கலைந்துவிடுவார்கள். 1903 மே மாதம் அவுரேலியோ தொலெந்தினோவின் 'நேற்று, இன்று, நாளை' மணிலாவில் அரங்கேறியது. அமெரிக்கக் கொடியை அவமதிக்கும் காட்சியில் நடிகர் தயங்க, ஆசிரியரே மேடையேறிச் செய்தார் என்பார்கள். கைதும் ஆனார்.

வீரம்தான். ஆனால் அந்த நாடகத்தின் நாயகன் பெயர் தகாயிலோக். தகாலோக் மக்களைக் குறிக்கும் பெயர். தாய்நாட்டின் பிள்ளையாக மோரோ அங்கே நிற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1906 மார்ச்சில், ஹோலோ தீவின் புட் தாஹோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்களை அமெரிக்கப் படை கொன்றது.

'மோரோ' ஸ்பானியர் வைத்த பெயர். தங்கள் நாட்டில் தாங்கள் வெறுத்த முஸ்லிம்களை அழைத்த சொல்லையே இங்கும் ஒட்டினார்கள். 1968இல் கொர்ரெகிதோர் தீவில் இளம் முஸ்லிம் படைப்பயிற்சியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின் எழுந்த தலைமுறை அந்தச் சொல்லையே எடுத்துத் தங்கள் இயக்கத்துக்குப் பெயராக்கியது: மோரோ தேசிய விடுதலை முன்னணி. வசையைப் பெயராக ஏந்துவது என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொமேத்யாவும் அப்படியே நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பலக்தாஸின் 'ஒரோஸ்மானும் சஃபீராவும்' முஸ்லிம் அரசுகளுக்குள் நடக்கும் போரைச் சொல்வது; கிறித்தவப் படையே அதில் இல்லை. 2008இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் அதை மீண்டும் மேடையேற்றினார்கள்.