திறந்த பல்கலைக்கழகமும் அதன் பயிற்றுநர்களும்

தொலைவிலிருந்து படிப்பவர்க்குப் பட்டம் தரும் வழக்கம் பழையது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே எங்கிருந்தும் எவரும் தன் தேர்வுகளை எழுத வழிவிட்டது. ஆனால் அது தேர்வு நடத்தியதே தவிரப் பாடம் சொல்லித் தரவில்லை. படிப்புக்கு மாணவர் தனியார் அஞ்சல்வழிக் கல்லூரிகளை நாடினர், அல்லது தாமே நூல்களோடு மல்லாடினர். பாதியில் விட்டவர்களைத் தேடிப் போக யாருக்கும் கடமை இருக்கவில்லை.

அந்தக் கடமையைப் பல்கலைக்கழகத்தின் வேலையாகவே ஆக்கியது பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம். 1963இல் கிளாஸ்கோவில் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் முன்வைத்தது வானொலி, தொலைக்காட்சி வழியாக நடக்கும் பல்கலைக்கழகத்தை. பின்னர் அதைக் கையிலெடுத்த அமைச்சர் ஜென்னி லீ இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார்: பட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கு ஒரு படியும் குறையக் கூடாது, சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டதில்தான் சிக்கல். பள்ளிப்படிப்பை முடிக்காத ஒருவர் பட்டப்படிப்பின் தரத்துக்கு வர வேண்டுமானால் இடையில் யாராவது கைகொடுத்தாக வேண்டும். தொலைக்காட்சியால் அது முடியாது.

1969இல் அரச சாசனம் கிடைத்தது. முதல் துணைவேந்தர் வால்டர் பெர்ரி. 1971 ஜனவரியில் சுமார் 24,000 பேருடன் வகுப்புகள் தொடங்கின. அதே மாதம் பிரிட்டனில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தமும் தொடங்கி மார்ச் வரை நீடித்தது. பாடநூலையும் விடைத்தாளையும் தபாலில் அனுப்பவிருந்த நிறுவனத்துக்கு இதைவிடக் கெட்ட தொடக்கம் இருந்திருக்க முடியாது.

மாணவருக்குக் கைகொடுக்க நாடு முழுவதும் வட்டார அலுவலகங்கள் அமைந்தன. மாலை வேளைகளில் உள்ளூர்க் கல்லூரிகளின் அறைகள் கல்வி மையங்களாயின. ஒவ்வொரு மாணவருக்கும் பாடம் சார்ந்த உதவிக்கு ஒரு பயிற்றுநரும், மற்றச் சிக்கல்களுக்கு ஓர் ஆலோசகரும் இருந்தனர். வேலை, குடும்பம், படிப்பு மூன்றும் முட்டிக்கொள்ளும்போது எது பாடச் சிக்கல், எது வீட்டுச் சிக்கல் என்று பிரிப்பது எளிதல்ல. சில ஆண்டுகளில் தொடக்கநிலைப் பாடங்களுக்கு இரு பொறுப்பும் ஒருவரிடமே வந்தன. பயிற்றுநர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தினர். வேறு கல்லூரிகளில் கற்பித்துக்கொண்டே இதையும் செய்தவர்கள்.

கற்பித்தலின் பெரும்பகுதி ஒப்படைப்புகளைத் திருத்துவதில் நடந்தது. மதிப்பெண் மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதாது. வாதம் எங்கே தடம் மாறியது, அடுத்த கட்டுரையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். வகுப்பறையையே பார்க்காத மாணவருக்கு அந்தக் குறிப்புகள்தாம் ஆசிரியரின் குரல். ஆகவே பயிற்றுநர் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து, அவர் எப்படித் திருத்தியிருக்கிறார் என்று பல்கலைக்கழகம் மறுபடி பார்த்தது. ஆசிரியரின் திருத்தத்தையே திருத்திப் பார்க்கும் இந்த ஏற்பாடு வழக்கமான கல்லூரிகளில் அரிது. இதனுடன் கோடையில் ஒரு வாரம் வேறு பல்கலைக்கழக விடுதிகளில் தங்கிப் படிக்கும் முகாமும், அறிவியல் மாணவர்களுக்கு வீட்டுக்கே வந்த சோதனைப் பெட்டியும் இருந்தன.

1988இல் தகவல் தொழில்நுட்பம் பற்றிய ஒரு பாடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் வீட்டுக் கணினியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ‘கோசி’ என்ற கணினிக் கலந்துரையாடலில் இணைந்தனர். இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணம் ஏறியது. எதுவும் எழுதாமல் பிறர் எழுதியதைப் படித்ததோடு நின்றவர்களும் பலர். இன்றைய இணைய வகுப்பிலும் அந்த மௌனம் மாறிவிடவில்லை. 2005இல் பல்கலைக்கழகம் இணையவழிக் கற்பித்தலுக்கு மூடுல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. 2006 டிசம்பரில் பிபிசியின் பின்னிரவுப் பாட ஒளிபரப்பு நின்றது. எந்தத் தொலைக்காட்சியை நம்பித் திட்டம் பிறந்ததோ அது விலகிய பின்னும் பயிற்றுநர் முறை தொடர்ந்தது.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. திறந்த பல்கலைக்கழகம் என்ற வடிவம் ஆந்திரத்துக்கு 1982இல் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டியே 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் உருவானது. கல்வி மையம், ஆலோசனை வகுப்பு, திருத்தித் தரப்படும் ஒப்படைப்பு ஆகியவை இங்கும் வந்தன. மையங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளில் அமைந்தன. விடுமுறை நாள்களில் வகுப்பெடுப்பதும் ஒப்படைப்புகளைத் திருத்துவதும் அக்கல்லூரி ஆசிரியர்களின் பகுதிநேரப் பொறுப்பாயின.