சென்னை: பல்கலைக்கழகமும் எழும்பூர் அருங்காட்சியகமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய அதே ஆண்டில் நிறுவப்பட்டது. மெரினாவை நோக்கி நிற்கும் அதன் செனட் மாளிகையை இந்தோ-சாரசனிக் பாணியில் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம்.

நகரின் அரசு அருங்காட்சியகம் பல்கலைக்கழகத்துக்கும் மூத்தது. 1851இல் தொடங்கி, எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் வளர்ந்து, பின்னர் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு இங்குதான் உள்ளது. அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் பெருந்தொகுதியாக இருக்கின்றன. அவற்றின் மறுபகுதியைக் காண லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றிலும் தலையாயது வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசர் முன் நிற்காமல் சோழர் வார்ப்புக்கலையை அறிந்ததாகச் சொல்ல முடியாது. அவசரமாகப் பார்ப்போர் இந்த ஒரு கூடத்துக்கே முழு நேரத்தையும் தரலாம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகமும் அதே வளாகத்தில் உள்ளது.

கே.கே. நகரிலிருந்து வருவோர் அசோக் நகர் நிலையத்தில் மெட்ரோ ஏறினால், மாறாமல் எழும்பூரில் இறங்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.