ஆளுக்குப் பாதி

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எனக்கு இரண்டு மதிப்பெண் போனது. கேள்வி இதுதான்: கார்பன் மோனாக்சைடில் கார்பன், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் முறைசார் மின்சுமை என்ன? கார்பனுக்கு +1, ஆக்ஸிஜனுக்கு −1 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். கணக்கே போடவில்லை. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் ஆக்ஸிஜன் எப்படிப்பட்ட ஆள் என்று அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தோம். சரியான விடை நேர் எதிர். கார்பனுக்கு −1, ஆக்ஸிஜனுக்கு +1.

விடைத்தாளோடு சாரிடம் போய் நின்றேன். "ஆக்ஸிஜன் எலக்ட்ரானைப் பிடுங்குற ஆளாச்சே சார், அதுக்குப் போய் எப்படி பிளஸ் வரும்?"

"அது வேற கணக்கு, இது வேற கணக்குடா" என்றார். மணி அடித்துவிட்டது.

வேறு கணக்கு என்றால் யாருடைய கணக்கு என்பது புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. அதற்கு 1902க்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கில்பர்ட் லூயிஸ் என்ற இளம் ஆசிரியர், தனிம வரிசையை ஆரம்பநிலை மாணவர்களுக்குப் புரிய வைக்கும் முயற்சியில் ஒரு தாளில் கனசதுரங்களை வரைந்தார். எட்டு மூலை, மூலைக்கு ஓர் எலக்ட்ரான். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டே அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. தாளை உள்ளே வைத்துவிட்டார். பதினான்கு வருடம் அது வெளியே வரவில்லை.

1916இல், பெர்க்லியில் வேதியியல் துறையை நடத்திக்கொண்டிருந்தபோது, 'அணுவும் மூலக்கூறும்' என்ற கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் புள்ளி வைத்து வரையும் படங்களெல்லாம் அதிலிருந்து வந்தவை. இரண்டு அணுக்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் ஒரு பிணைப்பு. படத்தைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. ஓர் எலக்ட்ரான் ஒரே சமயத்தில் இரண்டு அணுக்களின் கூட்டிலும் இருக்கலாம், அதை இன்னாருக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது என்றார் லூயிஸ். அதுவரை எலக்ட்ரானை ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் வாங்குவார் என்றுதான் பெரும்பாலும் பேசினார்கள். உப்புக்கு அது சரிப்பட்டது. ஹைட்ரஜன் வாயுவில் இரண்டும் ஒரே மாதிரி அணு, யார் கொடுப்பது, யார் வாங்குவது? பொதுச்சொத்து என்று சொல்லி லூயிஸ் அந்த வழக்கை முடித்தார்.

ஆனால் பொதுச்சொத்து என்று சொன்னதோடு கணக்குப்பிள்ளையின் வேலை முடியாது. அம்மோனியம் அயனிக்கு மொத்தத்தில் +1 மின்சுமை இருக்கிறது. அதை எந்த அணுவின் பேரில் எழுதுவது?

இங்கேதான் இர்விங் லாங்மியூர் வருகிறார். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்துக்காரர், அற்புதமான பேச்சாளர். லூயிஸ் கூச்ச சுபாவி, மேடை ஆகாது. 1919இல் லாங்மியூர் இந்தக் கருத்தை எடுத்து, விரித்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சகப்பிணைப்புக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அவர் போட்டதுதான். கொஞ்ச நாளில் அது 'லூயிஸ்–லாங்மியூர் கொள்கை' ஆனது, சிலர் வாயில் வெறும் லாங்மியூர் கொள்கையானது. லூயிஸுக்கு வலித்தது. 1923இல் எழுதிய புத்தகத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்ததுபோல அந்தப் பெயர் தொனிக்கிறதே என்று குத்தலாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் லூயிஸ் பக்கம்தான் நியாயம். ஆனால் லாங்மியூர் பேசியிராவிட்டால் அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

அந்தக் கணக்கை எழுதியதும் லாங்மியூர்தான். 1921இல் 'இணைதிறனின் வகைகள்' என்ற கட்டுரையில், மூலக்கூறில் ஒவ்வொரு அணுவின் மேலும் எஞ்சி நிற்கும் மின்சுமையைப் பற்றிப் பேசினார். அந்த எச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதையும் ஒரு விதியாகவே வைத்தார். பின்னாளில் லைனஸ் பாலிங் 1948இல் இதே எண்ணத்தை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

கணக்கு இவ்வளவுதான். தனி அணுவாக இருந்தபோது கையில் இருந்த இணைதிற எலக்ட்ரான்களை எடுத்துக்கொள். பிணைப்பில் சேராத எலக்ட்ரான்களைக் கழி. பிணைப்பில் இருப்பவற்றில் பாதியைக் கழி. கார்பன் மோனாக்சைடில் மூன்று பிணைப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு தனித்த இரட்டை. கார்பனுக்கு 4 − 2 − 3 = −1. ஆக்ஸிஜனுக்கு 6 − 2 − 3 = +1. ஆக்ஸிஜன் ஆறோடு வந்தது, பங்கு பிரித்ததில் ஐந்துதான் மிஞ்சியது. யார் இழுக்கிறார் என்ற கேள்வியே இந்தக் கணக்கில் இல்லை.

எங்கள் ஊர்க் கிணறு ஒன்று இதற்குப் பொருத்தம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பத்திரத்தில் சரிபாதி பாத்தியம். மோட்டார் பெரியப்பாவுடையது. தண்ணீர் யார் வயலுக்கு அதிகம் பாய்ந்தது என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்திரம் பொய்யும் இல்லை. முறைசார் மின்சுமை அந்தப் பத்திரம். ஆக்சிஜனேற்ற எண் என்று படிக்கிறோமே, அது இன்னொரு வகைப் பத்திரம். இழுப்பவருக்கே முழுக் கிணறும் என்று எழுதினால் கார்பன் +2, ஆக்ஸிஜன் −2. ஒரே மூலக்கூறு, இரண்டு பத்திரம், இரண்டும் எதிரெதிர்.

அம்மோனியத்திலும் இதே கதைதான். பத்திரப்படி நைட்ரஜனுக்கு +1. உண்மையில் அந்த நேர்மின்சுமையில் பெரும்பகுதி சுற்றியிருக்கும் நான்கு ஹைட்ரஜன்களின் மேல்தான் இருக்கிறது.

சரி, கார்பன் மோனாக்சைடில் தண்ணீர் எங்கே போனது? ஒரு முழு எலக்ட்ரான் அளவு மின்சுமை இரு முனையிலும் பிரிந்து நின்றிருந்தால், இருமுனை திருப்புத்திறன் சுமார் 5.4 டெபை இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 0.11. தண்ணீருக்கே 1.85 இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இரண்டு பத்திரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிட்டதுபோல.

அந்தத் துளி எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 1958இல் ரோசன்ப்ளம், நெதர்காட், டவுன்ஸ் மூவரும் அதை அளந்து சொன்னார்கள்: எதிர்முனை கார்பன் பக்கம். கணினியில் போட்ட ஹார்ட்ரீ–ஃபாக் கணக்கு, எவ்வளவு விரிவாகப் போட்டாலும், திசையை மாற்றித்தான் சொல்லும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்க்கும் நுணுக்கத்தைச் சேர்த்தால்தான் சரியாகும். இரண்டு கழித்தலில் முடிந்த சாரின் கணக்கு திசையைச் சரியாகச் சொல்லிவிட்டது. இதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. கார்பனின் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தனித்த இரட்டைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பைப் பிடிப்பதும் அந்த முனையால்தான். சயனைடு அயனியிலும் பத்திரப்படி −1 இருப்பது கார்பனில். அதுவும் இரும்பைக் கார்பன் பக்கமாகவே பிடிக்கிறது.

லூயிஸ் இந்த அளவீட்டைப் பார்க்கவில்லை. 1946 மார்ச் 23 அன்று பெர்க்லி ஆய்வகத்தில், திரவ ஹைட்ரஜன் சயனைடை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர் இறந்து கிடந்தார். இதயக் கோளாறு என்று பதிவானது. நாற்பது தடவைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு அது வரவில்லை. லாங்மியூருக்கு 1932இல் வந்தது, மேற்பரப்பு வேதியியலுக்காக.

போன வருடம் சாரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் 5.4, 0.11 எல்லாம் சொன்னேன். காதில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த ரெண்டு மார்க்கைப் போட்டுறணும்ங்கிறியா?"

"இல்ல சார். கேள்வி முறைசார் மின்சுமைதானே?"

"ஆமா. அது வேற கணக்கு" என்றார். இலை போட்டுவிட்டார்கள்.