கைவினையின் இடமாற்றம்
யப்பானிய மோட்டார் சைக்கிள் மாதிரியுருக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கைத்தொழில் வளர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் தொழிற்சாலைகளையும் மூலதனத்தையும் சந்தைகளையுமே பெரிதும் கருத்திற் கொள்வர். பொழுதுபோக்குப் பொருட்கள் அவர்தம் கவனத்தை ஈர்ப்பது அரிது. எனினும், ஒரு சமூகம் தன் ஓய்வு நேரத்தில் எதனைச் செய்து மகிழ்கின்றது என்பது, அது தன் உழைப்பு நேரத்தில் எதனை இழந்தது என்பதையும் உடன் காட்டிவிடுகின்றது. பெட்டியொன்றிலே துண்டு துண்டாக விற்கப்படும் பிளாஸ்ரிக் பாகங்களைப் பொருத்தி, ஒட்டி, தீந்தை பூசி, உண்மையான மோட்டார் சைக்கிளொன்றின் சிற்றுருவை ஆக்கும் பழக்கம் அத்தகைய பொழுதுபோக்குகளுள் ஒன்று. கையின் திறன் தொழிற்சாலைக்குத் தேவையற்றதாகியபோது அது எங்கே சென்றது என்னும் வினாவுக்கு இச்சிறு பொருளின் வரலாறு விடை தருகின்றது. யப்பானின் ஷிசுவோகா மாகாணத்தை மையமாகக் கொண்டு அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தின் மரபு

ரோக்கியோவுக்குத் தென்மேற்கே பசுபிக் கரையோரமாக அமைந்தது ஷிசுவோகா மாகாணம். அதன் தலைநகரும் அப்பெயராலேயே வழங்கும். யப்பானை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த தொக்குகாவா இயேயசு தமது இறுதிக் காலத்தை இந்நகரிற் கழித்து 1616இல் மறைந்தார். அவருக்காகக் குனோ மலையில் எழுந்த ஆலயத்துக்கும், நகரிலுள்ள செங்கென் ஆலயத்தின் திருப்பணிக்கும் தச்சரும் செதுக்குவோரும் அரக்குப் பூசுவோரும் பல இடங்களிலிருந்து வரவழைக்கப்பட்டனர். பணி முடிந்தபின்னரும் அவருட் பலர் அங்கேயே தங்கிவிட்டனர் என்பதே அந்நகர் தன் கைவினை மரபுக்குத் தரும் விளக்கமாகும். மரத்தளபாடம், அரக்குப் பாத்திரம், பொம்மை முதலியன அந்நகரின் தொழில்களாயின.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு புதியதொரு வடிவம் பெற்றது. 1924இல் அவோஷிமா ஜிரோ என்னும் விமானி நிறுவிய நிலையம் பின்னர் மர மாதிரி விமானங்களைச் செய்யலாயிற்று. 1941இல் ஹசெகாவா நிறுவனம் பாடசாலைகளுக்கான மர மாதிரியுருக்களுடன் தோன்றியது. யுத்த காலத்தில் மாதிரி விமானம் செய்தல் யப்பானியப் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டமை இத்தொழிலுக்கு ஆதரவாயிற்று. பிள்ளைகளின் கைக்கு எட்டிய இவ்வினைத்திறன் அன்றைய அரசின் இராணுவ நோக்கங்களுக்கும் துணைபோயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரே மாகாணம், இரு தொழில்கள்

இதே மாகாணத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த நகரம் ஹமமட்சு. நெசவுத்தறிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் பெயர்பெற்ற அந்நகரில், 1887இல் யமஹா தொறகுசு ஓர் ஆர்மோனியத்தைச் செய்தளித்துத் தமது தொழிலுக்கு அடியிட்டார். அத்தொழிற்சாலை யுத்த காலத்தில் விமானங்களுக்கான சுழல்விசிறிகளைச் செய்தது. 1909இல் சுசுக்கி மிச்சியோ நெசவுத்தறித் தொழிலை அங்கு ஆரம்பித்தார். ஹொண்டா சொயிச்சிரோ பிறந்த ஊரும் ஹமமட்சுவை அடுத்ததே. எமது வீதிகளில் நாள்தோறும் காணப்படும் மூன்று பெயர்களும் ஒரு நகரின் சுற்றாடலிலேயே வேர்கொண்டவை.

1945 ஜூனில் ஷிசுவோகா, ஹமமட்சு ஆகிய இரு நகரங்களும் அமெரிக்க விமானங்களின் தீக்குண்டுகளுக்கு இரையாயின. சரணாகதியின் பின் விமான உற்பத்தியும் தடைசெய்யப்பட்டது. நுண்ணிய வேலையிற் கைதேர்ந்த மனிதர்கள் இருந்தனர். அவர்தம் தொழில் மறைந்துவிட்டது. 1946இல் ஹொண்டா, இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின் வழங்கிய சிறு எஞ்சின்களைத் தேடிப்பெற்றுத் துவிச்சக்கர வண்டிகளிற் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1952இல் சுசுக்கி நிறுவனமும் எஞ்சின் பூட்டிய துவிச்சக்கர வண்டியொன்றை வெளியிட்டது. 1955இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான வைஏ-1 வெளிவந்தது. 125 கனசென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட அவ்வண்டி டிகேடபிள்யு என்னும் ஜேர்மன் நிறுவனத்தின் வண்டியொன்றை முன்மாதிரியாகக் கொண்டது.

1946ஆம் ஆண்டிலேயே ஷிசுவோகா நகரில் தமியா யொஷியோ மரம் அரியும் ஆலையொன்றை நிறுவினார். 1947இல் அவ்வாலை மரத்தாலான மாதிரிக் கப்பல்களையும் விமானங்களையும் செய்யத் தொடங்கியது. 1953இல் கட்டட மர விற்பனையைக் கைவிட்டு, மாதிரியுருக்களையே தன் முழுத் தொழிலாக்கிக் கொண்டது. ஆக, உண்மை மோட்டார் சைக்கிளும் அதன் சிற்றுருவும் ஒரே மாகாணத்தில், ஒரே அழிவின் பின்னர், ஒரேவகைக் கைத்திறனிலிருந்து எழுந்தவை எனலாம்.

மரத்திலிருந்து உருக்கு அச்சுக்கு

பிளாஸ்ரிக் மாதிரியுரு யப்பானியரின் கண்டுபிடிப்பன்று. பிரித்தானியாவில் 1936இலேயே 'புறொக் பென்குயின்' என்னும் பெயரிற் செலுலோசு அசற்றேற்றாலான விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. 1952இல் எயார்பிக்ஸ் நிறுவனம் பொலிஸ்ரைரீனாலான சிறு கப்பலொன்றை வெளியிட்டது. யப்பானில் 1958இல் மாருசான் நிறுவனம் வெளியிட்ட 'நோட்டிலஸ்' நீர்மூழ்கியே முன்னோடியாகும். அதுவும் அமெரிக்க ரெவெல் நிறுவனத்தின் மாதிரியைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஜேர்மன் வண்டியைப் பார்த்து யமஹா கற்றதும், அமெரிக்க மாதிரியைப் பார்த்து மாருசான் கற்றதும் ஒரே கல்விமுறையாகும். பிறர் செய்ததைப் பிரித்து, அளந்து, மீளச் செய்து, செய்யும்போதே அதன் நுட்பத்தை அறிந்துகொள்ளுதல் அக்கல்வி.

இறக்குமதியான பிளாஸ்ரிக் மாதிரிகள் மர மாதிரிகளின் சந்தையைச் சுருக்கின. 1959இல் தமியா நிறுவனமும் பிளாஸ்ரிக்கை நாடியது. அதன் முதல் வெளியீடு யமாட்டோ போர்க்கப்பலின் 1/800 அளவு மாதிரியாகும். அதே கப்பலைப் போட்டி நிறுவனமொன்று 350 யென்னுக்கு விற்கவே, தமியாவும் அவ்விலைக்கு இறங்க நேர்ந்தது. அச்சுக்கான செலவுகூட மீளவில்லை. பின்னர் பந்தர் என்னும் ஜேர்மன் தாங்கியின் மாதிரியே நிறுவனத்தை நிமிர்த்தியது. அதனுள் மோட்டாரும் பற்றரியும் அடங்கவேண்டும் என்பதற்காகத் தெரியப்பட்ட பருமனே, பின்னர் உலகெங்கும் இராணுவ மாதிரிகளுக்கு வழக்கான 1/35 என்னும் விகிதமாயிற்று.

இத்தோல்வியும் வெற்றியும் உணர்த்திய பாடம் அச்சைப் பற்றியது. உருக்கில் எதிர்வடிவமாக வெட்டப்பட்ட அச்சினுள், உருகிய பொலிஸ்ரைரீன் பேரமுக்கத்துடன் செலுத்தப்படும். அது குளிர்ந்ததும் பாகங்கள் ஒரு சட்டத்துடன் இணைந்தவாறே வெளிவரும். அச்சு செய்ய ஆகும் செலவு மிகப் பெரிது. அதன் பின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு அற்பம். எனவே அச்சை ஆள்பவனே தொழிலை ஆள்வான். வெளியாரிடம் அச்சுகளை ஒப்படைத்துத் தாமதத்தையும் உயர்விலையையும் அனுபவித்த தமியா நிறுவனம், 1960களின் நடுப்பகுதியில் தன் ஊழியர்க்குப் பயிற்சியளித்து அவ்வேலையைத் தானே மேற்கொண்டது. உளியால் மரத்தைச் செதுக்கிய திறன் இவ்வாறு உருக்கைச் செதுக்கும் திறனாயிற்று. ஆனால் முன்பு ஒவ்வொரு பொருளிலும் தென்பட்ட கை, இப்போது ஓர் அச்சினுள் ஒரு முறை மட்டும் தென்பட்டு மறைந்தது.

மறைக்கவியலாத இயந்திரம்

மாதிரியுருச் செய்வோர்க்கு மோட்டார் சைக்கிள் தனியானதொரு சோதனையாகும். மோட்டார் வண்டியின் எஞ்சினை அதன் மூடி மறைக்கும். தாங்கியின் உட்புறத்தை இரும்புத் தகடு மறைக்கும். மோட்டார் சைக்கிளிலோ எஞ்சின், சங்கிலி, புகைக்குழாய், கம்பிவடங்கள் யாவும் வெளியே தெரிவன. 1969இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா சிபி750, நான்கு உருளைகளை அருகருகே கொண்ட 736 கனசென்ரிமீற்றர் எஞ்சினையும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிறேக்கையும் உடையது. பந்தய வண்டிகளுக்குரியதாயிருந்த அமைப்பைப் பொதுமக்கள் வாங்கக்கூடியதாக்கிய அவ்வண்டியைத் தமியா நிறுவனம் 1970களில் 1/6 அளவில் வெளியிட்டது. 1/12 அளவிலான மோட்டார் சைக்கிள் வரிசை பின்னர் தொடர்ந்தது.

அளவைச் சுருக்குதல் வெறும் வகுத்தற் கணக்கன்று. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புடைய சக்கரக் கம்பி 1/12 அளவில் கால் மில்லிமீற்றராகிவிடும். அத்துணை மெல்லிய பிளாஸ்ரிக் வார்ப்பில் நிரம்பாது. நிரம்பினும் கையில் ஒடியும். எனவே வார்ப்போர் அதனைச் சற்றுத் தடிப்பாக்குவர். கம்பிவடங்களுக்கு மெல்லிய குழாய்களும், அதிர்வு தாங்கிகளுக்கு உலோகச் சுருள்களும் சேர்ப்பர். எதனை உள்ளவாறே காட்டுவது, எதனைக் கண் ஏற்குமாறு மாற்றுவது என்ற தீர்மானம் ஒவ்வொரு பாகத்திலும் உண்டு. இந்நிறுவனத்தார் 1976இல் 1/12 அளவில் போர்ஷே 934 பந்தய வண்டியை வெளியிடுமுன், போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்து ஆராய்ந்தமை இத்தீர்மானங்களின் பின்னுள்ள உழைப்பைக் காட்டும்.

எஞ்சிய பாதியை வாங்குபவர் செய்கின்றார். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பை அராவி, எஞ்சினின் இரு பாதிகளையும் ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாதவாறு தேய்க்கவேண்டும். உண்மை வண்டியில் வார்ப்புக்கோடு இருக்குமிடத்தில் அதனைத் தேய்த்தலாகாது. இல்லாதவிடத்தில் விட்டுவைத்தலும் ஆகாது. இவ்வேறுபாட்டை அறிய உண்மை வண்டியைப் பற்றி அறியவேண்டும். தீந்தையும் அத்தகையதே. அலுமினியம், உருக்கு, குரோமியப் பூச்சு ஆகிய மூன்றும் பெயரளவில் வெள்ளி நிறமாயினும் ஒளியை ஏற்கும் முறையில் வேறானவை. பெற்றோல் தாங்கிக்குச் சிவப்பு பூசுமுன் வெள்ளை அடிப்பூச்சு இடாவிடின் நிறம் மங்கும். ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருந்து, எழுத்துச் சித்திரங்களை நீரில் ஊறவைத்து ஒட்டி, மேலே தெளிந்த மெருகு பூசவேண்டும். ஷிசுவோகாவின் அரக்குக் கைவினைஞர் பூச்சின்மேற் பூச்சாக இட்டுத் தேய்த்த ஒழுங்கு இங்கு வேறொரு பொருளில் மீளத் தோன்றுவதை அவதானிக்கலாம்.

பந்தய வீரரின் பட்டறை

இத்தொடர்பு யப்பானுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியரான தர்குயினியோ புரொவினி 1957இலும் 1958இலும் மோட்டார் சைக்கிள் உலகப் பட்டங்களை வென்றவர். 1963இல் மொரினி என்னும் சிறு நிறுவனத்தின் ஒற்றை உருளை வண்டியில் ஏறி, ஹொண்டாவின் நான்கு உருளை வண்டியை எதிர்த்து நின்றார். யப்பானின் சுசூகாவில் நடைபெற்ற இறுதிப் பந்தயத்தின் முடிவில் 250 கனசென்ரிமீற்றர் பிரிவுப் பட்டத்தை 2 புள்ளிகளால் ஜிம் ரெட்மனிடம் இழந்தார். 1966இல் மான் தீவிலே நேர்ந்த விபத்து அவரது பந்தய வாழ்வை முடித்தது. அதன்பின் அவர் தமது பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த 'புரொட்டார்' நிறுவனத்தின் மூலம் பந்தய மோட்டார் சைக்கிள்களை 1/9 அளவில் மாதிரியுருக்களாக வெளியிட்டார். தம் உடலால் அறிந்த இயந்திரங்களை, இனி ஏறவியலாத நிலையில், அவர் சிற்றுருவாக்கினார். சிறு பட்டறைகளின் காலம் பந்தயத்திற் கழிந்துபோயிற்று. அவற்றின் வண்டிகள் பெட்டிகளில் எஞ்சின.

மதிப்பீடு

இப்பொழுதுபோக்கை உண்மையான கைவினை எனக் கொள்ளலாமா என்ற ஆட்சேபம் எழுதல் இயல்பே. பாகங்கள் எண்ணிடப்பட்டுள்ளன; ஒழுங்கு அச்சிடப்பட்டுள்ளது; முடிவும் பெட்டியின் மேற்புறத்திற் சித்திரமாக முன்னரே தரப்பட்டுள்ளது. தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்ட திறனை, ஓய்வு நேரப் பண்டமாக மாற்றி அவனுக்கே விலைக்கு விற்கும் முறையாகவும் இதனைக் காணலாம். பெட்டிச் சித்திரம் வரைந்த கொமட்சுசாக்கி ஷிகெருவின் பெயர் நிலைத்தது. அச்சு வெட்டியோருட் பலரது பெயர்கள் பொருளில் இல்லை. மாதிரியுரு வரலாற்றை முழுமையாகப் பேணுவதுமில்லை. பந்தய வண்டிகளைப் போர்த்திருந்த புகையிலை நிறுவனப் பெயர்கள் பின்னாளில் வெளிவந்த பெட்டிகளில் விடுபட்டன. பொதுநலன் கருதி அது நியாயமே. எனினும் அப்பந்தயங்களை யாருடைய பணம் நடத்திற்று என்பதைச் சிற்றுரு மட்டும் இனிச் சொல்லாது.

இவ்வாட்சேபங்கள் வலியுடையன. ஆயினும் அவை முழு உண்மையாகா. முடிந்த பொருளை விற்கும் உலகில் முடியாத பொருளை விற்றமையே இத்தொழிலின் சிறப்பு. ஒரே அச்சிலிருந்து வந்த ஆயிரம் பெட்டிகள் ஆயிரம் வேறுபட்ட வண்டிகளாக முடிகின்றன. அவற்றைச் செய்தவர், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை எவ்வாறு செல்கின்றது என்பதைக் கைகளால் அறிந்தவராகின்றார். தந்தையின் மர ஆலையை உலகறிந்த மாதிரியுரு நிறுவனமாக வளர்த்த தமியா ஷுன்சாக்கு 2025இல் தமது 90ஆவது வயதிற் காலமானார். ஹொண்டாவின் சுப்பர் கப் வரிசை 2017இல் 10 கோடியை எட்டியது. பெருந்தொகை உற்பத்தியின் இவ்வெற்றிகளுக்கு அடியில், ஆலயத் திருப்பணிக்கு வந்து தங்கிய தச்சரின் கை இருந்தது.

கைவினை அழிந்துபோயிற்று என்று இரங்குவதும், அது மாறாது வாழ்கின்றது என்று பெருமை கொள்வதும் எளிது. ஷிசுவோகாவின் வரலாறு காட்டுவது இவ்விரண்டுமன்று. கைவினை அங்கு இடம் மாறியது: ஆலயத்திலிருந்து மர ஆலைக்கும், மர ஆலையிலிருந்து உருக்கு அச்சுக்கும், அச்சிலிருந்து வாங்குபவரின் மேசைக்கும் சென்றது. ஒவ்வோர் இடமாற்றத்திலும் அது சிலவற்றை இழந்தது. ஆனால் பிரித்தறிந்து மீளச்செய்யும் பழக்கத்தை மட்டும் இழக்கவில்லை. வண்டிகளை முடிந்த பொருளாகவே இறக்குமதி செய்யும் எம்போன்ற நாடுகள் அவ்வரலாற்றிற் கருத்திற் கொள்ளவேண்டியது அப்பழக்கத்தையேயாகும்.